காற்றும் அணைநீரும்: ஏற்ற இறக்கத்தை அளந்தறிதல்

(மரக்காணம் வட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



இம்முகாமில் மின்சாரத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் மின்சாரப் பொறியாளன் அல்லன். கல்லூரியில் பௌதிகம் பயின்று, பிறகு இருபது ஆண்டுகளாகக் கிராமங்களிலே அலுவல் பார்த்து வருகிறவன். ஆகையால் யந்திர நுட்பங்களை என்னிடம் மிகுதியாக எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ஊர்ப் பணத்தைச் செலவிடும் தீர்மானத்தில் கையெழுத்திடும் முன் ஒரு பஞ்சாயத்து உறுப்பினர் எதை அறிந்திருக்க வேண்டுமோ, அதைச் சொல்ல இயலும் என்று நம்புகிறேன்.

சென்ற மாதம் இவ்வட்டாரத்துப் பஞ்சாயத்துத் தலைவர் ஒருவர் என் அலுவலகத்திற்கு வந்தார். "ஐயா, கோயமுத்தூர்ப் பக்கத்தில் ஓடந்துறைப் பஞ்சாயத்து சொந்தமாகக் காற்றாலை வாங்கி, மின்சாரம் விற்றுக் காசாக்கியதாமே! நம்முடைய கடற்கரையில் அடிக்காத காற்றா? நாமும் ஒரு தீர்மானம் போட்டால் என்ன?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு ஒரே சொல்லில் விடை கூற என்னால் முடியவில்லை. இன்றைய பேச்சு முழுவதும் அவருக்கு நான் கூறும் விடை என்றே கொள்ளலாம்.

முதலில் ஓடந்துறையின் கதையைச் சரியாகத் தெரிந்துகொள்வோம். மேட்டுப்பாளையத்திற்கு அருகிலுள்ள அப்பஞ்சாயத்து, 2006-ஆம் ஆண்டில் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றைச் சுமார் 1 கோடியே 55 லட்சம் ரூபாய் செலவில் வாங்கியது. தன் சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொண்டே அதைச் செய்தது. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 6,75,000 யூனிட் உற்பத்தியாயிற்று. ஊரின் தெருவிளக்குகளுக்கும் குடிநீர் மோட்டார்களுக்கும் வேண்டியது 4,50,000 யூனிட். எஞ்சியதை மின்வாரியத்திற்கு விற்றார்கள். பாராட்டத்தக்க காரியம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் நம்மில் பலர் கவனியாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. அந்தக் காற்றாலை ஓடந்துறையிலே நிற்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கத்தில், மைவாடியில் நிற்கிறது. அங்கே உண்டாகும் மின்சாரம் பொதுக் கம்பியில் சேர்கிறது; ஓடந்துறையின் விளக்குகள் பொதுக் கம்பியிலிருந்து எரிகின்றன. இரண்டையும் இணைப்பது ஒரு கணக்கு மட்டுமே.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 350 கிலோவாட் யந்திரம் ஓயாமல் முழுத்திறனில் ஓடினால் ஆண்டுக்கு 30,66,000 யூனிட் தர வேண்டும். கிடைத்ததோ 6,75,000, அதாவது நூற்றுக்கு 22 பங்கு. இதில் குறையொன்றுமில்லை, காற்றாலையின் இயல்பே அதுதான். ஆயினும் இதன் பொருள் என்ன? பல மணி நேரம் அந்த யந்திரம் ஊருக்கு வேண்டியதைக் காட்டிலும் மிகுதியாகத் தந்தது. வேறு பல மணி நேரம் வேண்டியதைத் தரவில்லை. சில வேளைகளில் ஒன்றுமே தரவில்லை. ஆண்டுக் கணக்கில் மிச்சம். மணிக் கணக்கில் பற்றாக்குறை! அந்தப் பற்றாக்குறை நேரத்தில் ஓடந்துறையின் தெருவிளக்கை எரிய வைத்தது யார்? அனல் நிலையங்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் திடீரென்று காற்று விழும்போது நொடிப் பொழுதில் கைகொடுக்கத் தகுந்தவை மலையணைகளே.

இது நமக்குப் புதிய செய்தியாக இருந்தாலும், அளத்தல் நமக்குப் புதிதன்று. உப்பளத்தில் வேலை செய்வோர் நாள்தோறும் நீரின் டிகிரி பார்க்கிறார்கள். கடல்நீர் சுமார் 3 டிகிரி. வெயிலிலும் காற்றிலும் சுண்டிச் சுண்டி 25 டிகிரி வந்தால் உப்புப் படிகிறது. 30 டிகிரியை நெருங்குமுன் கசப்பு நீரை வெளியேற்றாவிட்டால் மகனீஷிய உப்புகள் கலந்து சரக்குக் கெடும். "இம்மாதம் என் பாத்திநீரின் சராசரி 25 டிகிரி" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் அல்லவா? ஒரு வாரம் 15 டிகிரியும் மறு வாரம் 35 டிகிரியும் இருந்தால் சராசரி 25 வரும். பாத்தியில் நல்ல உப்பு வராது. எந்த நாளில் எவ்வளவு, அது எவ்வளவு விரைவில் மாறுகிறது என்பதே தொழிலுக்கு வேண்டிய அளவு. காற்று மின்சாரத்திற்கும் இதுவே பொருந்தும்.

காற்றுக்கு ஒரு தனிக் குணமுண்டு. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலிருந்து எடுக்கக்கூடிய சக்தி இரட்டிப்பதில்லை, எட்டு மடங்காகிறது. வேகம் பாதியாகிவிட்டாலோ, சக்தி எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஒரு நாள் முழுவதும் விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் சீராக வீசும் இடம் ஒன்று. பாதி நாள் 3 மீட்டர், பாதி நாள் 9 மீட்டர் வீசும் இடம் மற்றொன்று. சராசரி வேகம் இரண்டிலும் 6 தான். ஆனால் சக்தியைக் கணக்கிட்டால் இரண்டாவது இடம் முதலாவதைப் போல் ஒன்றேமுக்கால் மடங்கு தருகிறது. விற்பனைக்காரர் இரண்டாவது இடத்தைத்தான் புகழ்வார். ஆனால் அங்கே பாதி நாள் சக்கரம் பெயருக்குத்தான் சுழலும். சாதாரணமாக விநாடிக்கு 3 மீட்டருக்குக் குறைந்தால் காற்றாலை மின்சாரம் தருவதில்லை; 25 மீட்டர் அளவுக்குப் புயல் வீசினால் சேதம் வராதிருக்கத் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் நம் கரையைத் தாக்கி உப்பளங்களை வெள்ளக்காடாக்கிற்றே, அத்தகைய புயற்காற்று அந்த வேகத்தை எட்டினால் அதிலிருந்து ஒரு யூனிட்டும் எடுக்க இயலாது.

சராசரியை நம்பி நான் பட்ட ஒரு பாட்டையும் இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு வட்டாரத்தில் நான் இளநிலை அலுவலில் இருந்தபோது, ஒரு சிற்றூர் தன் தெருவிளக்குகளுக்காகச் சிறு காற்றாடி யந்திரம் ஒன்றைச் சேமக் கலங்களுடன் வாங்கியது. விற்றவர் காட்டிய தாளில் ஆண்டுச் சராசரி வேகம் ஒன்று அழகாக அச்சிடப்பட்டிருந்தது. ஆனி, ஆடி மாதங்களில் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன, ஊரார் மகிழ்ந்தார்கள். ஐப்பசி வந்தது, மேல்காற்று ஓய்ந்தது, மழை தொடங்கியது. பாம்பும் தேளும் ஊரும் அந்த மழைக்கால இருட்டிலே, விளக்குக் கம்பங்கள் நின்றன, விளக்குகள் எரியவில்லை. பெண்கள் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே சென்றார்கள். அந்தக் கோப்பில் சிபாரிசுக் கையெழுத்து என்னுடையது. மாதவாரிக் கணக்கைக் கேட்கவேண்டுமென்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இனி, அளப்பது எப்படி என்ற விஷயத்திற்கு வருவோம்.

நாடு முழுவதும் மின்சாரக் கணக்கைக் கால்மணி கால்மணியாக எழுதுகிறார்கள். ஒரு நாளுக்கு 96 கால்மணி. ஒவ்வொரு பெரிய நிலையத்திலும் உள்ள மீட்டர், ஒவ்வொரு கால்மணியிலும் எவ்வளவு மின்சாரம் கம்பிக்குள் சென்றது என்று பதிவு செய்கிறது. சென்னையிலுள்ள மாநில மின்சுமைப் பகிர்வு மையம் இவற்றைப் பார்த்துக்கொண்டே, எந்த நிலையத்தைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று உத்தரவிடுகிறது.

ஏன் இவ்வளவு அவசரம்? மின்சாரத்தைக் குதிரில் நெல்லைக் கொட்டுவது போலக் கம்பியில் கொட்டி வைக்க முடியாது. உண்டாவதும் செலவாவதும் அந்த அந்த நொடியிலேயே சமமாக இருக்க வேண்டும். கமலை இறைக்கும் மாடுகளைப் பாருங்கள். பாரம் கூடினால் நடை தளரும். பாரம் குறைந்தால் ஓட்டம் பிடிக்கும். மின்சாரத்தின் நடை விநாடிக்கு 50 சுழற்சி. அதை 49.90-க்கும் 50.05-க்கும் இடையே வைத்திருக்க வேண்டுமென்பது நம் நாட்டின் விதி. காற்று சட்டென்று விழுந்தால் நடை தளர்கிறது. உடனே வேறொருவர் நுகத்தில் தோள் கொடுக்க வேண்டும்.

கரும்பலகையில் சில எண்களை எழுதியிருக்கிறேன். இவை கணக்குப் புரிவதற்காக நானே வைத்துக்கொண்ட எண்கள்; எந்த நிலையத்தின் பதிவும் அல்ல. அடுத்தடுத்த ஆறு கால்மணிகளில் ஒரு காற்றாலைத் தொகுதி தந்தது, மெகாவாட்டில்: 400, 460, 520, 430, 310, 350. சராசரி சுமார் 412. பார்ப்பதற்குக் குறையொன்றும் தெரியவில்லை. இப்பொழுது ஒவ்வொரு கால்மணிக்கும் அதற்கு முந்தியதற்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுங்கள்: 60 ஏற்றம், 60 ஏற்றம், 90 இறக்கம், 120 இறக்கம், 40 ஏற்றம். ஏற்றமோ இறக்கமோ பாராமல் இவற்றைக் கூட்டினால் 370; ஐந்தால் வகுத்தால் 74. சராசரியாக ஒவ்வொரு கால்மணியிலும் 74 மெகாவாட் ஆட்டம்; மிகப் பெரிய ஆட்டம் 120. சராசரி உற்பத்தி சொல்லாத செய்தியை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிட்டன.

அதே நேரத்தில் ஓர் அணை மின்நிலையம் இவ்வாறு ஓட்டப்பட்டதாக வைத்துக்கொள்வோம்: 200, 150, 90, 170, 290, 260. இரண்டையும் கூட்டுங்கள்: 600, 610, 610, 600, 600, 610. கூட்டு உற்பத்தியின் ஆட்டத்தைக் கணக்கிட்டால் சராசரி 6; மிகப் பெரியது 10. எழுபத்து நான்கு எங்கே, ஆறு எங்கே! நீரும் காற்றும் சேர்ந்த ஏற்பாட்டின் சிறப்பு இதுவே.

இங்கே அவசரப்பட்டுக் கைதட்டிவிட வேண்டாம். அணை நிலையத்தின் வரிசையைத் தனியே எடுத்து அதன் ஆட்டத்தையும் கணக்கிடுங்கள். 50, 60, 80, 120, 30. சராசரி 68. அதாவது ஆட்டம் மறைந்துவிடவில்லை. காற்றின் ஆட்டத்தை அணை தன் தோளில் வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். நீர்ச்சக்கரத்தின் மடல்கள் ஓயாமல் திறந்து மூடுகின்றன, யந்திரம் தேய்கிறது, கீழே வாய்க்காலில் நீர்மட்டம் ஏறி இறங்குகிறது. ஆகவே கூட்டு உற்பத்தி எவ்வளவு சீராக இருக்கிறது என்று மட்டும் காட்டி ஒருவர் அறிக்கை எழுதினால், அதைப் பாதிக் கணக்கு என்றே கொள்ள வேண்டும். சீராக்குவதற்கு எவ்வளவு நீர், எந்த நேரத்தில், யாருடைய நீர் செலவாயிற்று என்பது மறுபாதி.

விவசாயிகளுக்கு இந்த மறுபாதிதான் முக்கியம். எல்லா அணைகளும் காற்றுக்குத் துணை நிற்க முடியாது. மேட்டூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1934-ல் முடிந்த அந்த அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. டெல்டாவின் குறுவைக்காக ஜூன் 12-ஆம் நாள் திறப்பது மரபு. பாசனத்துக்குத் திறந்த நீர் சக்கரத்தைச் சுற்றிச் செல்கிறது. காற்று விழுந்தது என்பதற்காக நாற்று நடும் விவசாயியின் நீரை இரவில் திறந்து பகலில் மூட முடியுமா? முடியாது, கூடவும் கூடாது என்பது என் கருத்து. நீலகிரியில் 1932-ல் தொடங்கிய பைக்காராவும், கொழும்புத் திட்டத்தின்கீழ் கானடா தேசத்தின் உதவியோடு எழுந்த குந்தாவும் உயர்ந்த மலைத் தேக்கங்களிலிருந்து ஓடுவன. அங்கே பாசன நெருக்கடி இவ்வளவு இல்லை. ஆயினும் மலையில் பெய்த மழையளவே நீர்.

இதற்கு ஒரு நல்ல உபாயம் ஆனைமலைப் பகுதியில் இருக்கிறது. கடம்பாறை நீரேற்று மின்நிலையம் என்பது அதன் பெயர். மலையின் வயிற்றைக் குடைந்து, தலா 100 மெகாவாட் திறனுள்ள நான்கு யந்திரங்களை வைத்திருக்கிறார்கள். 1987 முதல் 1989 வரை அவை ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கின. மேலே கடம்பாறைத் தேக்கம். கீழே மேல்ஆழியாறு தேக்கம். மின்சாரம் மிகுந்த வேளையில் அதே யந்திரம் பின்புறமாகச் சுழன்று கீழ்த்தேக்க நீரை மேலே ஏற்றுகிறது. மின்சாரம் குறைந்த வேளையில் அந்த நீர் இறங்கிவந்து சக்கரத்தைச் சுற்றுகிறது. நான்கு யூனிட் செலவழித்து ஏற்றினால் ஏறக்குறைய மூன்று யூனிட் திரும்பக் கிடைக்கும். ஒரு யூனிட் நஷ்டம்தானே என்று கேட்கலாம். வீணாகப் போகவிருந்த நள்ளிரவுக் காற்றை மறுநாள் மாலை விளக்கேற்றும் நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த கூலி அது. அதே நீர் மேலும் கீழும் போய்வருவதால் எந்த விவசாயியின் முறையும் கெடுவதில்லை. குந்தாவிலும் 500 மெகாவாட்டுக்கு இத்தகைய திட்டமொன்று மேற்கொள்ளப்பட்டது.

ஆனால் அளவைப் பாருங்கள். தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்தத் திறன் 11,000 மெகாவாட்டுக்கு மேல். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் ஆகிய கணவாய்களின் வாயிலே அவை காடுபோல் நிற்கின்றன. நீர்மின் நிலையங்கள் யாவும் சேர்ந்து சுமார் 2,300 மெகாவாட். ஆடி மாதத்தில் காற்றாலைகள் 5,000 மெகாவாட்டைத் தாண்டிய நாட்கள் உண்டு. காற்று ஓய்ந்த காலத்தில் சில நூறாகச் சுருங்கிய நாட்களும் உண்டு. யானையின் ஆட்டத்தைக் கன்று ஒன்று முழுதும் தாங்குமா? ஆகையால் அனல் நிலையங்களும், வெளிமாநிலத் தொடர்பும் சேர்ந்தே தாங்குகின்றன. 2013 டிசம்பர் 31-ஆம் நாள் ராய்ச்சூர்–சோலாப்பூர் வழியாகத் தென்னகக் கம்பிகள் ஏனைய நாட்டோடு ஒரே நடையில் இணைக்கப்பட்டன. அதன் பிறகு இந்தப் பாரம் பலரிடையே பங்கிடப்படுகிறது.

இரண்டு ஆட்டங்களைக் கூட்டும் கணக்கைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. காற்றின் ஆட்டம் 40, நீரின் ஆட்டம் 30 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கினால் மொத்த ஆட்டம் 70. ஒன்று ஏற மற்றொன்று இறங்கினால் 10. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தத்தம் போக்கில் ஆடினால் 50. பள்ளிக்கூடத்தில் செங்கோண முக்கோணத்துக்குப் படித்த கணக்கேதான் இது. ஆகவே தனித்தனி ஆட்டத்தை அளந்தால் மட்டும் போதாது. இரண்டும் எவ்வளவு ஒத்து ஆடுகின்றன என்பதையும் அளக்க வேண்டும்.

நம் மாநிலத்தில் இதன் விடை விசித்திரமானது. மணிக் கணக்கில் நாம் விரும்பியபடி அணையை எதிராக ஆட்டலாம், எழுபதைப் பத்தாக்கலாம். ஆனால் பருவக் கணக்கில் அப்படியன்று. தென்மேற்குப் பருவம் வந்தால் கணவாய்களில் காற்றும் பெருகுகிறது. மலையணைகளுக்கு நீரும் வருகிறது. பருவம் பொய்த்தால் நீர் சுருங்குகிறது. புரட்டாசி கழிந்தால் காற்று ஓய்கிறது. இரண்டும் ஒரே எசமானனின் வேலையாட்கள்! 2012-ஆம் ஆண்டை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். காவிரியில் நீரில்லாமல் மேட்டூர் அணை செப்டம்பர் 17-ஆம் நாள்தான் திறக்கப்பட்டது. அக்டோபரில் காற்று விழுந்தது. அந்த மழைக்காலத்தில் சென்னைக்கு வெளியே கிராமங்களில் நாளில் பெரும்பகுதி மின்சாரம் இல்லை. அனல் நிலையங்களின் பற்றாக்குறையும் அதற்குக் காரணமே; ஆயினும் காற்று விழும் மாதத்தில் கைகொடுக்க அணையில் நீரில்லை என்பதையும் அந்த ஆண்டு காட்டிற்று. காற்று மிகுந்த ஆனி, ஆடியில் மலைநீரைச் சிக்கனம் செய்து, காற்றில்லாத மாதத்திற்குச் சேமித்து வைப்பதற்குக் கால்மணிக் கணக்கோடு மாதக் கணக்கும் வேண்டும்.

பிற நாட்டார் இதில் எவ்வளவு தூரம் சென்றிருக்கிறார்கள் என்றும் கேட்கலாம். ஸ்பெயின் நாட்டுக்கு உரிய கானரித் தீவுகளில் எல் ஹியெரோ என்று ஒரு சிறு தீவு. அங்கே 2014-ல் 11.5 மெகாவாட் காற்றாலைகளையும் 11.3 மெகாவாட் நீர்ச்சக்கரங்களையும் ஒன்றாக இணைத்தார்கள். அணைந்துபோன எரிமலையின் வாயே மேல்தேக்கம். 2019-ல் தொடர்ந்து 24 நாட்கள் எண்ணெய் எரிக்காமல் தீவு முழுவதும் அதனால் ஓடியது. ஆனாலும் ஆண்டு முழுவதற்கும் அது போதவில்லை. டீசல் யந்திரங்களை அவர்கள் கழற்றி எறியவில்லை. தேக்கத்தின் கொள்ளளவைக் காற்றில்லாத நாட்களின் தொடர்ச்சியோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இது விளங்கும்.

முன்கூட்டிச் சொல்லும் திறமும் ஓர் அளவுதான். காற்று 120 மெகாவாட் இறங்கப் போகிறது என்று முன்பே தெரிந்தால் அந்த இறக்கம் பாதி அடங்கிவிட்டது போலாகும். சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் காற்று சக்தி நிறுவனம் காற்றை அளப்பதோடு, நம் மாநிலத்துக்கான காற்று உற்பத்தியை முன்னறிந்து கூறும் பணியையும் செய்து வந்திருக்கிறது. கயத்தாற்றில் அதன் சோதனை நிலையம் இருக்கிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த விதிமுறைகள், காற்றாலையார் மறுநாளின் 96 கால்மணிகளுக்கும் தம் உற்பத்தியை முன்கூட்டி எழுதித் தர வேண்டுமென்று கூறின. பிசகு வரம்பு மீறினால் கட்டணம். ஓடந்துறை வாங்கிய காலத்தில் இத்தகைய விதி இல்லை. உற்பத்தியை வரவு வைத்துப் பின்னால் எடுத்துக்கொள்ளும் சலுகையும் ஆணைக்கு ஆணை மாறி வருவது. 2006-ஆம் ஆண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு இன்று தீர்மானம் போடுவது பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் குறிப்பது போன்றது.

இனி நம் ஊருக்கு வருவோம். மரக்காணத்துக் காற்று கணவாய்க் காற்று அன்று. இங்கே காலையில் ஒரு காற்று, பிற்பகலில் கடற்காற்று, ஆனி, ஆடியில் உப்புக்கு உகந்த காய்ந்த மேல்காற்று, ஐப்பசிக்கு மேல் கொண்டலும் வாடையும். உப்பு வாருவோர் இவற்றை மேனியிலேயே அறிவார்கள். ஆனால் உடம்பு அறிந்ததை வங்கி ஏற்காது. எழுதிய ஏடு வேண்டும். ஆதலால் இங்கேயே காற்றாலை நட வேண்டுமென்று கேட்ட நண்பருக்கு, குறைந்தது ஓராண்டுக் காலம் உயர்ந்த கம்பத்தில் கருவி வைத்து அளக்காமல் அப்பேச்சை எடுக்க வேண்டாமென்றே கூறுவேன். கணவாய்ப் பகுதியில் நிற்கும் யந்திரத்தை வாங்குவதாயின், மூன்று ஆண்டுகளின் கால்மணிப் பதிவை விற்பவரிடம் கேளுங்கள். சராசரித் தாளை மட்டும் நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அதற்கு முன்பே, காசு செலவில்லாமல் நாம் செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. நம் ஊர் உபயோகிக்கும் மின்சாரத்தில் எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பிரித்து எழுதுவது. தெருவிளக்கு காத்திருக்காது, இருட்டினால் எரிய வேண்டும். குடிநீர் மோட்டார் காத்திருக்கும். மேல்நிலைத் தொட்டி நிறைந்திருந்தால் அதை மாலையில் ஓட்டாமல் நள்ளிரவிலோ பகலிலோ ஓட்டலாம். சிந்தித்துப் பாருங்கள்: நம் ஊர்த் தொட்டி ஒரு குட்டிக் கடம்பாறை அல்லவா? உப்பளத்தில் உப்புநீரை முதல் பாத்திக்கு ஏற்றும் மோட்டாரும் அத்தகையதே; சில மணி நேரம் தாமதித்தால் வெயில் கோபித்துக்கொள்ளாது. நிலத்தடி நீர் இறைக்கும் விவசாயிக்கும் ஓரளவு இது பொருந்தும். ஆனால் பயிர் வாடும் நாளில் அவரைக் காத்திருக்கச் சொல்ல நான் துணிய மாட்டேன். காத்திருக்கும் பாரம் எவ்வளவு மிகுதியோ, அவ்வளவுக்கு அணைநீர் மிச்சமாகும். காற்று மின்சாரமும் அவ்வளவுக்கு வீணாகாது.

பஞ்சாயத்துக்குச் சொந்தமான ஒவ்வொரு மோட்டாருக்கும் ஓர் ஏடு போடுங்கள். மோட்டார் இயக்குபவர் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை ஓட்டினார், மீட்டர் எண் என்ன, மின்னழுத்தம் எவ்வளவு, காற்று எந்தத் திசை என்று நான்கு கட்டங்களில் எழுதினால் போதும். முதல் வாரத்தில் ஒருவரும் எழுத மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். தலைவர் வாரத்துக்கு ஒரு முறை ஏட்டில் கையெழுத்திட்டால் இரண்டாம் வாரத்திலிருந்து எழுதுவார்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், கால்மணி வித்தியாசக் கணக்கை மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயிற்சியாகத் தரலாம்.

ஓராண்டு முடிந்ததும் அந்த ஏடுகளை யூனியன் அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். தீர்மானம் போடலாமா வேண்டாமா என்பதை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். ஐப்பசி, கார்த்திகை மாதப் பக்கங்கள் வெறுமையாக உள்ள ஏட்டை மட்டும் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம். அப்படிப்பட்ட தாள் ஒன்றில் ஏற்கெனவே ஒரு முறை கையெழுத்திட்டிருக்கிறேன்.